ஏற்கெனவே வந்தவர்

விமானம் அந்தமானில் இறங்கத் தாழ்ந்ததுமே இவர் நம் தலைக்கு மேலாகக் குனிந்து ஜன்னலை அடைத்துக்கொள்வார். கீழே தெரியும் பச்சையை ஒரு நொடி பார்ப்பார். "காடு குறைஞ்சிருக்கு மாப்ளே" என்பார். நாம் அப்போதுதான் முதன்முதலாக அந்தக் காட்டைப் பார்த்து வாயைப் பிளந்திருப்போம். பிளந்த வாயை மூடிக்கொண்டு, குறைந்துபோன காட்டுக்காகத் துக்கம் விசாரிக்க வேண்டும்.

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி ஒருவர் வாய்க்கிறார். பெரும்பாலும் அக்கா வீட்டுக்காரராக இருப்பார். பொதுவாகத்தான் சொல்கிறேன். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.

இவர் 2011-இல் ஒரு தடவை வந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை, காலைச் சிற்றுண்டி சேர்த்த பேக்கேஜில். அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு தீவையே பட்டா போட்டுக்கொண்டார். ஹேவ்லாக் தீவுக்கு 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். போர்ட் பிளேரை 2024-இல் ஸ்ரீ விஜய புரம் ஆக்கினார்கள். இரண்டையும் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டதாக இவருக்கு மனத்தாங்கல். இளநீர் விலைக்கு ஒரு மனத்தாங்கல், புதுசாக முளைத்த ரிசார்ட்டுகளுக்கு ஒன்று. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் இழுத்து 2020 ஆகஸ்டில் தீவுகளுக்கு இன்டர்நெட் கொடுத்தார்கள் அல்லவா? அந்தக் கேபிள் வழியாக எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு இவர் அனுப்பிய முதல் செய்தி: "அப்பல்லாம் இங்க நெட்வொர்க்கே கிடையாது. எவ்ளோ நிம்மதி!"

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விலைவாசியைத் திட்டாமல் ஊர் சுற்றுகிறவன் யார்? உயிரை எடுப்பது வேறொன்று. தீவுக்குத் தன்னை ஞாபகம் இருக்கிறது என்று இவர் நம்புகிறார்.

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் ஒரு தமிழ் மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தது. எங்களுக்குப் பசி. இவர் நேராகக் கல்லாவுக்குப் போனார்.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

கல்லாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியுமே சார்" என்றார், வடை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பதைப்போல.

"பதினொண்ணுல வந்தேன். அந்த மூலை டேபிள்."

"ஆமா சார்."

"அப்ப செவுரெல்லாம் பச்சை."

"ஆமா சார். சாப்பாடு எத்தனை பேருக்கு?"

இவர் வெற்றிப் பார்வையோடு எங்கள் பக்கம் திரும்பினார். சாப்பிட்டு முடித்துப் பணம் கொடுக்கும்போது, கடை நடத்தி எத்தனை வருஷம் ஆகிறது என்று என் மனைவி சாதாரணமாக விசாரித்தாள். போன பொங்கலுக்குத்தான் எடுத்ததாம். வெளியே வந்ததும் இவர் கொஞ்ச நேரம் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வித்துட்டுப் போனவன் நம்மளைப் பத்திச் சொல்லியிருப்பான்."

ஹேவ்லாக்கில் இறங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். ரிசார்ட் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் 2011-ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். 2011-இல் அந்த ரிசார்ட்டே இல்லை. பக்கத்து ரிசார்ட்டில் விசாரித்துப் பார்க்க முடியுமா என்றார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. விருந்தாளியிடம் முடியாது என்று சொல்லக்கூடாது எனப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்போல; சிரித்துக்கொண்டே நின்றாள். அவள் சிரிப்பு வற்றும்வரை இவர் விடவில்லை.

இதற்கெல்லாம் மேல் ஒரு ஆவணம் உண்டு. பழைய போட்டோ ஒன்று. அதை மறுபடி போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறார். மஞ்சள் பெர்முடாவில் இவர், முக்கால்வாசிக்கு. மீதிக் கால்வாசியில் ஒரு கீற்றுக் கூரை, ஒரு அலுமினியக் கெட்டில், ஒரு முழங்கை. முழங்கைக்கு மேல் ஆள் கிடையாது. போட்டோவின் விளிம்பு வெட்டிவிட்டது. "டீக்கடைக்காரன். நம்ம தோஸ்து. என்னைப் பார்த்தா விடவே மாட்டான்" என்றார். அந்த முழங்கையைத் தேடி ஒரு முழு முற்பகல் மூணாம் நம்பர் மார்க்கெட்டில் அலைந்தோம்.

மூணாம் நம்பர் என்பது கோவிந்த் நகர். ஜெட்டி இருப்பது ஒண்ணாம் நம்பர். ராதாநகர் ஏழாம் நம்பர். நடுவில் கிருஷ்ணா நகர், ஷ்யாம் நகர். 1950-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளைக் குடியமர்த்தி உண்டான ஊர்கள் இவை. ஆகவே அது வங்காளி முழங்கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால் தேடல் சுருங்கவும் இல்லை. மார்க்கெட் முழுக்க வங்காளி முழங்கைகள்தான். ஒவ்வொரு டீக்கடையிலும் போனை நீட்டுவார். கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவார். இருவரும் வங்காளத்தில் ஆலோசிப்பார்கள். கெட்டிலைப் பற்றி ஒரு கருத்து வரும், கூரையைப் பற்றி ஒன்று. ஒரு பெரியவர் மட்டும் இவருடைய மஞ்சள் பெர்முடாவைத் தொட்டுக் காட்டி, "இவரைத் தெரியுமே" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். இவருக்குப் புல்லரித்துவிட்டது. "யாரு?" என்று ஆவலாகக் கேட்டார். "இவர் டூரிஸ்ட்" என்றார் பெரியவர்.

கடைக்குக் கடை மரியாதைக்கு ஒரு டீ. பன்னிரண்டு மணிக்கு என் அம்மா, "அந்த முழங்கை கிடைச்சா நல்லாருக்கும், ஒரு டீயாவது மிச்சமாகும்" என்றாள்.

எலிபெண்ட் பீச்சில் நீருக்கடியில் முகத்தை வைத்துப் பவளப்பாறை பார்க்கலாம். மூக்கை இறுக்கும் கண்ணாடி, வாயில் குழாய், இடுப்பில் ரப்பர் வளையம். ஒரு பையன் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவான். முதலில் உப்புத் தண்ணீரைத்தான் குடித்தேன். பிறகு மூச்சு பழகி, முகத்தடியில் ஒரு நீல மீன் பாறையைக் கொறிக்கிற நறநறச் சத்தம்கூடக் காதில் கேட்டது. வாழ்க்கையில் கேட்காத சத்தம். குழாயைப் பிடுங்கிக்கொண்டு தலையைத் தூக்கினால் பக்கத்து வளையத்தில் இவர். "அப்ப கலர் இன்னும் ஜாஸ்தி" என்றார். வளையத்தைப் பிடித்திருந்த பையனுக்குத் தமிழ் புரிந்திருக்கிறது. எப்போது வந்தீர்கள் என்று கேட்டான். சொன்னார். 2010 கோடையில் கடல் சூடேறி இங்கே பவளமெல்லாம் வெளுத்துப் போனது, நீங்கள் வந்தது அதற்கு அடுத்த வருஷம் சார் என்றான் பையன், ரொம்பப் பணிவாக. அதற்கு முன்னால் வந்து பார்த்திருக்க வேண்டுமாம். இவர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

ராஜன் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜன் என்பது யானை. மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகளில் ஒன்று, கடலில் நீந்தும். மரம் வெட்டுவது நின்றுபோன பிறகு ஹேவ்லாக்கிலேயே தங்கி, நீந்தும் யானை என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. 2011-இல் இவர் அதற்கு வாழைப்பழம் கொடுத்திருக்கிறார். மெஸ்காரர் மறக்கலாம், முழங்கைக்காரர் மறக்கலாம், ராஜன் மறக்காது என்பது இவர் கணக்கு. "யானைக்கு ஞாபகசக்தி எப்பிடின்னு தெரியும்ல?" சென்னையிலிருந்து கிளம்பும்போதே இதைச் சொல்ல ஆரம்பித்தவர், சீப்பு வாழைப்பழத்தோடு வண்டியில் ஏறினார்.

"ராஜனா? அது 2016-லயே போயிருச்சே சார்" என்றார் டிரைவர். அறுபத்தாறு வயதாம்.

இவர் பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மதியம் சாப்பாட்டில் விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். கை கழுவப் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இருந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கும்."

"கண்டிப்பா அத்தான்" என்றேன். நான் அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அந்த இரக்கத்தையெல்லாம் தொலைத்துவிட்டேன்.

ராதாநகர் மேற்கே பார்த்த கடற்கரை. ஆசியாவிலேயே சிறந்தது என்று டைம் பத்திரிகை 2004-இல் எழுதியதும் இதைத்தான். நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்றார் டிரைவர். "தம்பி, நான் ஏற்கெனவே வந்திருக்கேன்" என்றார் இவர். சூரியன் ஆறரைக்குத்தான் இறங்குமாம், இவர் தன் கண்ணால் பார்த்தாராம், ஒரு டீ போட்டுவிட்டு ஆற அமரப் போகலாமாம். அந்தமான் சென்னைக்கு எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்று பள்ளிக்கூட மேப்பைப் பார்த்தாலே தெரியும். கடிகாரம் மட்டும் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும். வருஷத்தில் எந்த நாளிலும் ஆறரை ஆவதில்லை. இவர் வந்த 2011-லும்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. கூட்டம் செருப்பு மணலைத் தட்டிக்கொண்டு எதிரே வந்தது. பெரிய மரங்களுக்கு அடியில் இருட்டு கட்டியாயிற்று. தண்ணீரில் நின்றவர்களைக் கரையேறச் சொல்லிக் காவலாளி விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப லேட்டாத்தான் மறைஞ்சுது" என்றார் இவர்.

பொதுவாகச் சொல்கிறேன் என்பதை இந்த இடத்தில் விட்டுவிடுகிறேன். என் அம்மா பிறந்தது, வளர்ந்தது, குடித்தனம் செய்தது எல்லாம் சென்னையில். மெரினாவில் சூரியன் உதிக்கத்தான் செய்யும். கடலுக்குள் சூரியன் இறங்குவதை அவள் பார்த்ததே இல்லை. முழங்கால் வலியோடு கப்பல் படி ஏறி இறங்கி இவ்வளவு தூரம் வந்தது அதற்குத்தான். மறுநாள் காலை எங்களுக்கு நீல் தீவுக்குப் படகு. திரும்ப ராதாநகர் வர வழியில்லை. கடை போகட்டும், விலை ஏறட்டும், காடு குறையட்டும். சூரியன் நேரத்தை மாற்றிக்கொண்டது என்று ஒருவர் சொன்னால் அவரை என்ன செய்வது? டிரைவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். போனைத் தட்டியிருந்தால் நிமிஷக் கணக்கில் சொல்லியிருக்கும். ஒரு தடவை வந்துவிட்டவருக்கு இதெல்லாம் தேவைப்படுவதில்லை. "பரவால்ல மாப்பிள்ளை, இருட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. அதைக் கேட்டு இவர் சமாதானமாகிவிட்டார். நான் ஆகவில்லை. இன்றுவரை ஆகவில்லை.

மறுநாள் காலை ஒண்ணாம் நம்பர் ஜெட்டியில் பெட்டிகளோடு நின்றோம். இவரோடு யாரும் அதிகம் பேசவில்லை. அப்போது வாடகை ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்த ஆள் ஒருவர் தலையைத் தூக்கினார். இவரை உற்றுப் பார்த்தார். கையை நீட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"சார்! மெட்ராஸ் சார்! ஞாபகம் இருக்கு சார் உங்களை!"

இவர் இன்னும் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"வண்டிக் கண்ணாடியை ஒடச்சிட்டுப் போனீங்களே சார்! காசு குடுக்காம போட் ஏறிட்டீங்களே!"

அக்கா குறுக்கே வந்தாள். "என்னங்க இது, நாம அப்ப வாடகை சைக்கிள்லதானே சுத்தினோம்? உங்களுக்கு ஸ்கூட்டரே ஓட்ட வராதே."

"நீ சும்மா இரு" என்றார் இவர். முகம் மலர்ந்திருந்தது. பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அந்த ஆள் கையில் வைத்து, மேலே தன் இன்னொரு கையையும் வைத்து அழுத்தினார். பழைய நண்பர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்.

"சில்லறை இல்ல சார். இது ரெண்டு கண்ணாடிக்கு வரும்" என்றார் அந்த ஆள்.

"ரெண்டும்தானே ஒடைஞ்சுது" என்றார் இவர்.