ஐகான் தலபுராணம்: திருவண்ணாமலைக் கம்ப்யூட்டர் திரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவண்ணாமலைக்கு ஆய்வு செய்ய வருகிறவர்கள் மலை, கோயில், கிரிவலம், சித்தர்கள், ரமணர் என்ற ஐந்து தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ராஜகோபுரம் 217 அடி, மலை 2,668 அடி, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்று அளந்து எழுதி முனைவர் பட்டமும் வாங்கிப் போய்விடுகிறார்கள். அதே ஊரில், தேரடி வீதியிலும் போளூர் சாலையிலும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களில், ஒரு முழ அகலத் திரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஐகான்களை எவரும் தொட்டதில்லை. தொட்டால் திறந்துகொள்ளும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லையை முதலில் வரையறுப்போம். டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கும் ஷார்ட்கட் ஐகானும், அதை அங்கே கொண்டுவந்து உட்காரவைக்கும் சின்னஞ்சிறு மென்பொருளுமே இங்கு பொருள். செல்போன் ஐகான்கள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவற்றை எண்ணப் புகுவது பௌர்ணமி இரவில் கோயில் வாசலில் செருப்பு எண்ணுவதைப் போன்றது.

ஐகான் வழிபாடு நம் நாட்டில் தோன்றியதன்று. டேவிட் கான்ஃபீல்டு ஸ்மித் என்னும் அமெரிக்கர் 1975இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இது முளைத்தது. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டரில் கோப்பும் உறையும் அலமாரியும் படங்களாகத் திரையில் எழுந்தருளின. ரஷ்யத் திருச்சபையில் புனிதர்களின் படங்களை வெறும் படமாகக் கருதுவதில்லை, குறிக்கப்படுபவரின் தன்மை அதில் உறைகிறது என்பார்கள். அந்த எண்ணத்திலிருந்தே ஐகானை எடுத்ததாக ஸ்மித் சொல்லியிருக்கிறார். ஆக, மேனாட்டு ஆய்வகத்தில் பிறந்தாலும் இது கோயில் சரக்குதான். கோயில் ஊருக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அதைப் பிரசவித்த கம்பெனியின் பெயரையே நம்மூர் நகல் கடைகள் அத்தனையும் பலகையில் சுமந்துகொண்டிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

இனித் தத்துவம். புரோகிராம் மூலவர், ஷார்ட்கட் உற்சவர். மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார். சி டிரைவ் என்னும் திருமதிலைத் தாண்டி, புரோகிராம் ஃபைல்ஸ் என்னும் பிரகாரம் கடந்து, கம்பெனி பெயரில் ஒரு மண்டபம், அதற்குள் மென்பொருள் பெயரில் இன்னொரு மண்டபம், அதற்கும் உள்ளே இருட்டில் ஈ.எக்ஸ்.ஈ. என்ற விகுதியோடு அவர் வீற்றிருக்கிறார். அவ்வளவு தூரம் போய்த் தரிசிக்க டிடிபி ஆபரேட்டருக்கு நேரம் கிடையாது. ஆகவே ஒரு நல்ல நாளில் மூலவர் மேல் ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டு', 'டெஸ்க்டாப்' என்ற இரண்டு மந்திரங்களைச் சொன்னால் உற்சவர் வீதிக்கு வந்துவிடுகிறார். அவர் உற்சவர்தான் என்பதற்கு அடையாளமாக இடக்கால் அருகே ஒரு சிறிய வளைந்த அம்பு. இந்த அம்பைப் பார்க்காமலேயே ஆயுள் முழுக்க வேலை செய்து முடிப்பவர்களே பெரும்பான்மை.

சித்தாந்த நூல்கள் பல பக்கங்களில் விளக்கியிருக்கக்கூடியதைத் திருமஞ்சன கோபுரத் தெருப் பக்கம் ஒரு கடையில் இரண்டே வரியில் கேட்க வாய்த்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் முகம் வெளிறி நிற்கிறாள்.

"அண்ணா, பேஜ்மேக்கர் பூடுச்சுண்ணா."

"எங்க பூடுச்சு?"

"தெரியலண்ணா. இங்கதான் இருந்தது. கை பட்டு டெலிட் ஆயிடுச்சு. மதியம் ரெண்டு மணிக்குப் பத்திரிகை குடுக்கணும்ணா."

கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து திரும்பக்கூட இல்லை. "பொம்மதாம்மா போச்சு. ஆளு உள்ளதான் இருக்கான்."

பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் விஷயத்தில் இந்த வாக்கியத்துக்கு இன்னோர் ஆழமும் உண்டு. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன்பின் அடோபி கம்பெனி அதை வளர்ப்பதைக் கைவிட்டு, எல்லோரையும் இன்டிசைனுக்குப் போகச் சொல்லிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து அடிக்கும் கடைகள் பல போகவில்லை. பெற்றவரே கைவிட்ட பிறகும் ஆள் உள்ளேதான் இருக்கிறான். ஃபார்மேட் போட்டுப் புதிய விண்டோஸ் ஏற்றும்போதெல்லாம், பழைய சி.டி.யிலிருந்தோ யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்தோ அவனுக்கு ஜீரணோத்தாரணம் நடக்கிறது.

மூலவர் இல்லாமல் உற்சவர் மட்டும் எஞ்சிவிடும் நிலைமையும் உண்டு. இதற்கு அண்ணாமலைத் தலபுராணத்திலேயே விடை இருப்பதை இதற்கு முன் யாரும் கவனிக்காதது வருத்தத்துக்குரியது. சோதிப் பிழம்பாய் நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாய்ப் பூமியைத் தோண்டினார். முடியைத் தேடிப் பிரமன் அன்னமாய்ப் பறந்தார். காணாமற்போன மென்பொருளைத் தேடுகிறவர்களும் இவ்விரு மரபினரே. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தோண்டுபவர் வராகர். தேடல் பெட்டியில் பெயரை அடித்து அண்ணாந்து பார்ப்பவர் அன்னத்தார். பிரமன் மேலிருந்து விழுந்த தாழம்பூவைப் பிடித்து, முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொல்லவைத்தார் அல்லவா? மென்பொருளை அழித்த பிறகும் திரையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஷார்ட்கட்தான் அந்தத் தாழம்பூ. பார்த்தேன், இருக்கிறது, வா என்கிறது. டபுள் கிளிக் செய்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தப் பொய்ச்சாட்சி விசாரணை கண்ணெதிரே நடக்கும். ஒரு டார்ச் லைட் அப்படியும் இப்படியும் ஆடி ஆடித் தேடும். தேடி முடித்து, நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை, அளவிலும் தேதியிலும் வகையிலும் அதற்கு நெருக்கமானது இதுதான், இதையே திறக்கட்டுமா என்று சம்பந்தமில்லாத ஒன்றைக் காட்டும். மாப்பிள்ளை ஊரில் இல்லை, அதே உயரத்தில் இன்னொருவர் இருக்கிறார், முகூர்த்தத்தை நிறுத்தவேண்டாம் என்ற அதே பெருந்தன்மை. தாழம்பூவைச் சிவபூஜையிலிருந்து விலக்கிவைத்தார்கள். நம் கடைகளில் செத்த ஷார்ட்கட்டை யாரும் விலக்குவதில்லை. "இருந்துட்டுப் போவட்டும் சார், எதுனா முக்கியமா இருக்கப்போவுது" என்பதே பொதுக் கருத்து.

லினக்ஸ் மரபைத் தொடாமல் இந்த ஆய்வு நிறைவு பெறாது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தால் செங்கம், போளூர், கலசபாக்கம் கிராமத்துப் பிள்ளைகள் கைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதில் விண்டோசுடன், சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்சும் துணைக்கு இருந்தது. லினக்சில் ஐகான் என்பது படமே அல்ல. நாலு வரிச் சீட்டு. அதன் இலக்கணத்தை 2000இல் தோன்றிய ஃப்ரீடெஸ்க்டாப் குழுவினர் வகுத்தார்கள். தலைப்பில் 'டெஸ்க்டாப் என்ட்ரி' என்று சதுர அடைப்புக்குள் பிள்ளையார் சுழி. அடுத்து என்ன வகை, என்ன பெயர், எந்தக் கட்டளையை ஓட்டவேண்டும், எந்தப் படத்தைக் காட்டவேண்டும் என்று வரிக்கு ஒன்றாக எழுதவேண்டும். பெயர் வரியோடு தமிழுக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால், தமிழ் இடைமுகத்தில் அந்த ஐகான் தமிழ்ப் பெயரோடு நிற்கும்.

இதைக் கையால் எழுத அஞ்சுபவர்களுக்காகவே அலகார்ட், மெனுலிப்ரே போன்ற சிறு கருவிகள் இருக்கின்றன. எக்ஸ்எஃப்சிஈ என்னும் லினக்ஸ் திரையிலோ வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தாலே 'கிரியேட் லாஞ்சர்' வந்து நிற்கும். பெயர், கட்டளை, படம் என்று கட்டங்களை நிரப்பினால் போதும், சீட்டை அதுவே எழுதிக்கொள்ளும். இவற்றை ஸ்தபதிகள் என்று கொள்வதில் தவறில்லை. ஸ்தபதி சிலையைச் செதுக்கிவிட்டாலும் கண் திறக்கும்வரை அது கல்தான். உபுண்டு லினக்சில் இந்தச் சடங்கு அப்படியே இருக்கிறது. டெஸ்க்டாப்பில் கொண்டுவந்து வைத்த சீட்டு உயிரற்றுக் கிடக்கும். கிளிக் செய்தால் ஓடாது. அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'அலோ லாஞ்சிங்' என்றவுடன்தான் முகக்களை வந்து, பெயரும் படமும் துலங்கி, வேலைக்கு எழும்பும். யாரோ அனுப்பிய சீட்டு தன்னிஷ்டத்துக்கு எதையாவது ஓட்டிவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். கும்பாபிஷேகத்துக்கும் அவர்கள் ஏதாவது பொறியியல் காரணம் சொல்லக்கூடியவர்கள்தான்.

லினக்சின் இன்னொரு திரைப் பிரிவான க்நோம் மரபினர் 2018இல், 3.28ஆம் பதிப்போடு, டெஸ்க்டாப்பில் ஐகான் வைப்பதையே தம் கோப்பு மேலாளரிலிருந்து நீக்கிவிட்டார்கள். திரை வெறுமையாக, அருவமாக இருக்கவேண்டும் என்ற நிலைப்பாடு. ரமணாசிரமத்துத் தியான மண்டபத்துக்கு அது பொருந்தலாம். பெயர் மாற்றம், பான் கார்டு, டிக்கெட் புக்கிங் எல்லாம் ஒரே சிஸ்டத்தில் நடக்கிற கடைக்கு உருவ வழிபாடே கதி. அருவ மார்க்கம் பிடிக்காதவர்கள் எக்ஸ்டென்ஷன் எழுதி ஐகான்களை மறுபடி அழைத்துவந்துவிட்டார்கள்.

கடைசியாக வாஸ்து. நாம் பார்த்த கடைத்திரையின் பின்னணிப் படம் கார்த்திகை தீப மலை. ஐகான்கள் மலையைச் சுற்றித்தான் வைக்கப்பட்டிருந்தன. உச்சியில் கொப்பரை இருக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. எப்போதோ யாரோ 'ஆட்டோ அரேஞ்ச்' அழுத்தி எல்லாம் இடப்பக்கம் ஓடி வரிசை கட்டியதாம். கடைக்காரர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாய் இழுத்து மலை சுற்ற வைத்தாராம். தேசப்படம்போல் மேல்பக்கம் வடக்கு என்று கொண்டால், திரையின் எட்டுத் திக்கிலும் கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களைப் பொருத்திப் பார்க்கலாம். முடிவுகள் திடுக்கிட வைக்கின்றன. மூடுவதற்கான பெருக்கல் குறி வலது மேல் மூலையில், அதாவது ஈசானியத்தில் இருக்கிறது. கிரிவலத்தில் கடைசி லிங்கம் ஈசான்ய லிங்கம், பக்கத்தில் சுடுகாடு. எல்லாம் முடிகிற இடத்தை மைக்ரோசாஃப்ட் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. ரீசைக்கிள் பின் எக்ஸ்பியில் வலது கீழ் மூலையில், அக்னி திக்கில் இருந்தது. குப்பையை எரிக்க உகந்த இடம். ஆப்பிள்காரர்களும் குப்பைக்கூடையை நெடுங்காலமாக அங்கேதான் வைத்திருக்கிறார்கள். விஸ்டா வந்ததும் விண்டோஸ் அதை இடது மேல் மூலைக்கு மாற்றியது. அது வாயு மூலை. வீட்டில் தங்காமல் போகவேண்டியவற்றுக்கு உரிய இடம் என்பதால் அதையும் குறைசொல்ல வழியில்லை.

குறை இருப்பது 'ஸ்டார்ட்' பட்டனில். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95இல் அது கன்னி மூலையில், நிருதி திக்கில், வீட்டுத் தலைவரின் இடத்தில் கம்பீரமாக இடம்பிடித்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அதை நகர்த்திக் கீழ்நடுவில், நேர் தெற்கில் வைத்தது. தெற்கு எம திக்கு. எல்லா வேலையும் தொடங்கும் பட்டனை எமலிங்கத்தின் அருகே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மேற்படி கடையில் புதிய சிஸ்டம் வாங்கிய அன்றே, டாஸ்க்பார் செட்டிங்கில் போய் அதை மறுபடி இடது மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். இது நம் கோட்பாட்டுக்கு வலுவான களச் சான்று. எமபயத்தினால்தானே என்று கடைக்காரரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள முயன்றோம்.

"அதெல்லாம் இல்ல சார். கை அங்கதான் போவுது."

சாஸ்திர ஆதாரமற்ற இவ்விளக்கம் நிராகரிக்கப்படுகிறது.