ட்யூபுக்கு முன்பணம், உயிருக்கு ஒன்றுமில்லை

வருக, வருக, முதுகுப்பை மகராசர்களே! லாவோஸ் நாட்டின் வாங் வியெங் உங்களை வரவேற்கிறது. தலைநகர் வியண்டியானுக்கு வடக்கே, சுண்ணாம்புக்கல் மலைகள் வரிசைகட்டி நிற்க, நெல் வயல்களை ஒட்டி நாம் சோங் ஆறு ஓடும் ஊர். இதற்குமேல் ஊரைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் புத்தகம் படிப்பார்கள். நீங்கள் மிதக்க வந்தவர்கள்.

முன்பெல்லாம் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கி, வழியில் நாலு பேர் வாந்தியெடுத்து வந்து சேர வேண்டும். 2021 டிசம்பரில் சீன ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது தலைநகரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்தான். ரயிலுக்கு வாங்கிய கடன்? அதை லாவோஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கவலை ஜன்னலோர சீட்டோடு முடிகிறது.

ஊருக்குள் வந்ததும் நீளமாக, வெறிச்சென்று ஒரு திடல் தெரியும். படம் எடுக்க நல்ல இடம். அமெரிக்கா நடத்திய ரகசியப் போரின்போது விமானங்கள் இறங்கிய ஓடுபாதை அது. அவர்கள் வைத்த பெயர் 'லிமா சைட் 6'. 1964 முதல் 1973 வரை இந்தச் சின்ன நாட்டின்மேல் சுமார் 5,80,000 தடவை பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டார்கள். கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் கோடிக்கணக்கானவை வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்து, இன்றும் உழுகிறவர்களையும் விளையாடும் பிள்ளைகளையும் கொல்கின்றன. அன்று வந்தவர்கள் விசா வாங்கவில்லை, நீங்கள் வாங்குகிறீர்கள். முன்னேற்றம் என்றால் இதுதான்.

அறையில் பையைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும். இங்கே பாஸ்போர்ட்டை அடமானம் வைத்தால் போதும். சரளைக்கல் பாதையில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டு திரும்புவீர்கள். வண்டியில் உள்ள கீறலுக்கு, அது உங்களுக்கு முன்னால் விழுந்தவர் போட்ட கீறலாகவே இருந்தாலும், பணம் கட்டிவிட்டு பாஸ்போர்ட்டை மீட்பீர்கள். ஊர் திரும்பியதும் அந்தத் தழும்பைக் காட்டி, ஆசியாவை முழுசாக அனுபவித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பசிக்கிறதா? ஒட்டரிசிச் சோறும், உரலில் இடித்த பப்பாளிக்காய் சாலட்டும், சுட்ட ஆற்று மீனும் இங்கத்திய சாப்பாடு. உங்களுக்கு அது வேண்டாம், பீட்ஸா இருக்கிறது. அதில் இரண்டு ரகம் உண்டு: சாதாரணம், கஞ்சா போட்ட 'ஹேப்பி'. போதைக் காளான் ஷேக்கையும் மெனுவில் அச்சடித்தே விற்றார்கள். மெனுவைப் பார்த்து வாங்கியவரைப் பிடித்து அபராதம் வசூலித்ததும் நடந்தது. விற்றவனுக்கும் லாபம், பிடித்தவனுக்கும் லாபம். சுற்றுலா வளர்ச்சியின் பலன் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டாமா?

சாப்பிட்டபடி பார்க்க டிவியும் உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து, உலகத்தின் மிக அழகான ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்கு வந்து, மலைக்கு முதுகைக் காட்டித் தலையணையில் சாய்ந்து, நியூயார்க் காபிக் கடையில் ஆறு நண்பர்கள் அரட்டையடிக்கும் 'ஃபிரண்ட்ஸ்' தொடரை எத்தனையாவது முறையாகவோ பார்க்கலாம். இந்தத் தவத்துக்கென்றே வரிசையாகக் கடைகள் இருந்தன.

இனி முக்கியமான விஷயம், ட்யூப். 1999இல் ஊருக்கு வெளியே இயற்கை வேளாண் பண்ணை வைத்திருந்த ஒருவர், தன்னிடம் வேலைசெய்ய வந்த தன்னார்வலர்கள் களைப்பாற ஆற்றில் மிதந்துபோகட்டும் என்று சில ட்யூப்களை வாங்கிப் போட்டார். அந்த நல்ல மனிதர் செய்தது அவ்வளவுதான். பத்து ஆண்டுகளுக்குள் ஆற்றின் இரு கரையிலும் மதுக்கடைகள் முளைத்தன. மிதந்து போகிறவரைக் கயிறு வீசிக் கரைக்கு இழுத்து, வாளியில் சாராயம் ஊற்றிக் கொடுத்து, மூங்கில் மேடையில் ஏற்றிக் கயிற்றூஞ்சலில் ஆற்றுக்குள் வீசினார்கள். பெரிய சறுக்குமரம் ஒன்றுக்கு மரணச் சறுக்கு என்றே பெயர் விழுந்தது. பெயரில் ஒளிவுமறைவு இல்லை. கோடையில் அந்த ஆறு முழங்கால் அளவுதான் ஓடும், அடியில் பாறை. இதை ஆறு யாரிடமும் மறைக்கவில்லை. வாளி மறைத்தது.

ட்யூபை மாலை 6 மணிக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கறாரான ஏற்பாடு. ட்யூபில் போன ஆள் திரும்பினாரா என்று கேட்க அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. 2011இல் மட்டும் குறைந்தது 27 வெளிநாட்டுப் பயணிகள் இறந்ததாக உள்ளூர் ஆஸ்பத்திரிக் கணக்கு சொன்னது. நேரே தலைநகருக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அதில் சேரவில்லை.

அதே ஆற்றில்தான் ஊர்ப் பெண்கள் பாசி எடுத்தார்கள், துணி துவைத்தார்கள். அவர்கள் நடுவே நீச்சலுடையில், கையில் வாளியோடு, கெட்ட வார்த்தை எழுதிய உடம்போடு ஆட்கள் நடந்தார்கள். உடம்பை மூடிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்துக் கெஞ்சும் நிலைக்கு ஊர் வந்தது. இறந்தவர்களின் ஆவி தண்ணீரில் உலவுவதாகப் பயந்து, ஊர்ப் பிள்ளைகள் ஆற்றில் இறங்குவதையே விட்டதாகச் செய்தி வந்தது. ஆற்றோரம் பிறந்த குழந்தைக்கு ஆறு இல்லாமல் போனது. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற நம் பழமொழியை இவ்வளவு பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் வேறு யாரும் இல்லை.

2012இல் அரசு விழித்துக்கொண்டது. பல ஆண்டுகளாகத் தெருவையே அதிரவைத்த பாட்டுச் சத்தத்தில் கலையாத தூக்கம், வெளிநாட்டுத் தூதரகங்கள் குரல் உயர்த்தியதும் கலைந்துவிட்டது. ஆற்றங்கரைக் கடைகளை இடித்தார்கள், ஊஞ்சல்களை அறுத்தார்கள். இனிமேல் குடும்பத்தோடு வரலாம், குகை பார்க்கலாம், பலூனில் பறக்கலாம் என்றார்கள். உண்மையிலேயே ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது.

ஆனால் மலிவுக்கு ஆசைப்படுகிறவனும் மலிவாகத் தருகிறவனும் எங்கும் போய்விடவில்லை. 2024 நவம்பரில், அதே வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த கலப்பட மதுவால் ஆறு பயணிகள் இறந்தார்கள். ஆஸ்திரேலியர் இருவர், டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள் இருவர், பிரிட்டன்காரர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. இந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. இலவசமாக நீட்டப்பட்ட கோப்பையை வாங்கிக் குடிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமில்லை.

குடிக்கும்போது மெத்தனால் தன்னைக் காட்டிக்கொள்ளாது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். மறுநாள் தலைவலி, வாந்தி. நேற்றுக் குடித்ததன் மப்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அடுத்து கண் மங்கும், மூச்சு வாங்கும். உடனே மாற்று மருந்தும் டயாலிசிஸும் கிடைத்தால் பலரைப் பிழைக்கவைக்கலாம். பாதிக்கப்பட்டவர்களில் சிலரை எல்லை தாண்டித் தாய்லாந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். அதே சரக்கைக் குடிக்கும் லாவோஸ் கூலிக்காரனைக் கொண்டுபோக எந்த நாட்டுத் தூதரகம் வரும்? அவன் செத்தால் எந்தப் பத்திரிகையின் கணக்கில் ஏறுவான்?

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 ஜூனில், நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இதே மெத்தனால் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வாங் வியெங்கில் இறந்தவர்களுக்கு உலகம் பெயர் சொல்லி, படம் போட்டு அழுதது. அழட்டும், அழ வேண்டியதுதான். கருணாபுரத்தில் இறந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சம் நிவாரணமா என்ற ஏளனம். ஒரே விஷம்தான். குடித்தவன் ஜாலிக்குக் குடித்தால் பரிதாபம், மூட்டை தூக்கிய உடம்பு வலிக்குக் குடித்தால் கேவலம் என்று பிரித்துப் பார்க்கும் புத்தி நமக்குள்தான் இருக்கிறது. இதில் லாவோஸைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

குற்றம் யாருடையது என்று கேட்டால் கூச்சமில்லாமல் பெயர் சொல்வேன். டாலரை மட்டும் எண்ணி, சாராயத்தைச் சோதிக்காத அரசு. எத்தனாலின் விலை மிச்சமாகட்டும் என்று விஷத்தைக் கலந்தவன். தன் ஊரில் சட்டத்துக்கு அஞ்சி அடங்கி நடந்து, ஏழை நாட்டில் மட்டும் சுதந்திரத்தைக் கண்டுபிடிக்கும் பயணி. இறப்பு நடந்த பிறகும், பள்ளத்தாக்கின் படத்தைப் போட்டு, தவறவிடக் கூடாத பத்து இடங்களில் அதைச் சேர்க்கும் பயண வியாபாரம்.

உங்கள் பிள்ளையும் நாளை ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பும். கிளம்பட்டும். ஒட்டரிசிச் சோறு சாப்பிடட்டும், மலை ஏறட்டும், தெளிந்த புத்தியோடு ட்யூபில் மிதக்கட்டும். அதைவிடச் சுகம் அந்த ஊரில் வேறில்லை. இரண்டை மட்டும் சொல்லி அனுப்புங்கள். சீல் உடைக்காத பாட்டிலைத் தவிர யார் எதை நீட்டினாலும் வாங்காதே. உன் சொந்த ஊர் ஆற்றங்கரையில் செய்யக் கூசுவதை அடுத்தவன் ஆற்றங்கரையில் செய்யாதே.