அப்டேட் அண்ணை

ஸ்காபரோவில் மாடிக் கட்டடத்துக்கு ஒரு வருமானவரி அண்ணை, ஒரு வீடு விற்கிற அண்ணை, ஓர் ஊர்ச்சங்க அண்ணை இருப்பது வழமை. அண்மையில் இந்த வரிசையில் இன்னொருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அப்டேட் அண்ணை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. மற்ற அண்ணைமாரைப் போலப் பத்திரிகையில் அரைப்பக்கப் படம் போடுகிறவர் இல்லை என்பதால் ஆளைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மினக்கெட வேண்டும். பிறந்தநாள் வீட்டில் ஆண்கள் எல்லாரும் மோர்ட்கேஜ் வட்டி பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மட்டன் றோல்ஸும் கையுமாக ஒருவர் மட்டும், "ஓகஸ்ட்டிலை எங்களுக்கு நீச்சல்குளம் வருது" என்பார். "அட, எங்கை வாங்கினனீங்கள், பிக்கறிங்கிலையோ?" என்று பக்கத்துக் கதிரை கேட்கும். அவர்தான் ஆள்.

குளம் வந்தது பிக்கறிங்கில் இல்லை, 'இன்சோய்' என்ற கொம்பியூட்டர் கேமில். கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச் 28 அன்று ஸ்டீமில் இறக்கிய வாழ்க்கை விளையாட்டு அது. இறக்கியது முழுதாக இல்லை. 'ஏர்லி அக்ஸஸ்' என்ற பெயரில், பாதி சமைத்த நிலையில். காசை இப்போது தாருங்கள், மிச்சத்தைப் பிறகு சமைத்துத் தருகிறோம் என்கிற இந்த ஏற்பாட்டை ஸ்டீம் 2013இல் தொடங்கிவைத்தது. இன்சோய் வந்த முதல் ஒரு வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றன. அதில் ஒன்று அண்ணையுடையது. வாங்கிய அன்றைக்கு அவர் வேலைக்கு அழைத்துத் தடிமன் என்று சொல்லியிருந்தார். விலை 39.99 அமெரிக்க டொலர். அதை ஓடவைக்க வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டின் விலையை அண்ணி இன்றுவரை அறியார். பிள்ளையின் படிப்புக்கு என்று கேள்வி.

விளையாட்டில் சோய் என்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள். விளையாடுகிற நாங்கள் அந்த ஊரை நடத்துகிற கம்பனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்ன உத்தியோகத்தர். மேலதிகாரி ஒரு பூனை. செய்த நன்மை தீமைக்குக் கர்மக் கணக்கும் உண்டு. "கொரியாக்காரனுக்கே கர்மம் விளங்கியிருக்கு, எங்கடை பெடியளுக்குத்தான் விளங்கேல்லை" என்று அண்ணை இதில் ஒரு சைவ சமய வகுப்பே எடுத்துவிடுவார்.

விளையாடுகிறாரா என்று கேட்டால், இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய அப்டேட் வரும். அன்றிரவு உள்ளே போவார். ஊரில் கூரை போடாமல் நிற்கிற வீட்டைக் கோடை விடுமுறைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, தூணைத் தட்டி, மேசனை நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்புகிற மாமாமாரின் நடைதான். கதவு ஒழுங்காகத் திறக்கிறதா? ஆட்கள் சுவருக்குள்ளால் நடக்கிறார்களா? பக்கத்து வீட்டுக்காரன் கதைத்தால் கதைக்கிறானா? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வெளியே வந்து, தீர்ப்புச் சொல்வார்: "நல்லா வருது. இன்னும் வரேல்லை."

வெளிவந்த முதல் நாட்களில் அதில் ஒரு கோளாறு இருந்தது. காரை விட்டுக் குழந்தையை மோதலாம். விஷயம் உலகம் முழுக்க நாறியதும், தற்செயலாக நேர்ந்த பிழை என்று சொல்லி கிராஃப்டன் அவசரமாக அடைத்தது. எனக்கு இதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. அண்ணைக்கோ புல்லரித்தது. "பாத்தியோ தம்பி, சொன்ன உடனை திருத்திப்போட்டாங்கள்! இஞ்சை எங்கடை றோட்டிலை கிடக்கிற குழியை எத்தினை வரியமாச் சொல்லுறம்?"

குழியைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை. ரொறன்ரோவே ஒரு ஏர்லி அக்ஸஸ் நகரம். எக்ளிங்டன் ரயில்பாதையை 2011இல் தோண்டத் தொடங்கினார்கள். 2020இல் ஓடும் என்றார்கள். அந்த வருடம் வந்து போனது, அதற்குப் பின்னும் பல வருடங்கள் வந்து போயின, ரயில் வந்தது 2026இல்தான். ஸ்காபரோவுக்கு 1985 முதல் ஓடிய குட்டி ரயில் 2023 யூலை 24 அன்று தடம்புரண்டது. அதோடு சரி, பிறகு ஓடவேயில்லை. அந்தப் பாதைக்குப் பதிலாக ஓடுகிற பஸ்ஸுக்கு அஞ்சு நிமிடம் நிற்கிற அண்ணையை நீங்கள் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியன் காலத்திலிருந்து இன்றுவரை ஆண்ட அத்தனை பேருக்கும் ஏச்சு விழும். கேமுக்கு வருடக்கணக்காகக் காத்திருப்பவரும் இவரேதான்.

குப்பைத் தொட்டி இதைவிட மோசம். எங்கள் நகரில் பச்சைத் தொட்டி ஒவ்வொரு கிழமையும் வாசலுக்குப் போக வேண்டும். குப்பையும் நீலமும் கிழமை மாறி மாறி. இந்தக் கிழமை எது என்று அண்ணையைக் கேட்டால் பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பார். இன்சோயில் எந்த மாதம் எது வரும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பார்.

இந்த வாழ்க்கை விளையாட்டுக் குலத்தின் வரலாறும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 'சிம்ஸ் 4' 2014இல் வந்தபோது நீச்சல்குளமே இல்லை, அந்த வருடம் நவம்பரில்தான் வெட்டினார்கள். தவழ்கிற பிள்ளைகள் 2017 ஜனவரியில்தான் பிறந்தார்கள். அதுவரை குழந்தைகள் தொட்டிலிலிருந்து நேரே பள்ளிக்கூட வயதுக்குத் தாவின. முதல் சிம்ஸ் 2000இல் வந்தது. அதைச் செய்த வில் ரைட்டின் வீடு 1991 ஓக்லண்ட் தீயில் எரிந்துபோனது. மறுபடி வீடு கட்டி, சாமான் சட்டி சேர்க்கும்போதுதான் இப்படியொரு விளையாட்டு அவருக்குத் தோன்றியதாம். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணை றோல்ஸைத் தட்டில் வைத்துவிடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேருக்கு எரிந்த வீடு ஒன்று உண்டு, யாரும் விளக்கம் கேட்பதில்லை.

'லைஃப் பை யூ' என்றொரு போட்டி விளையாட்டை 2024 யூனில், வெளிவராமலே, அதன் கம்பனி கைவிட்டது. அண்ணை அந்தியேட்டி வரைக்கும் துக்கம் காத்தார். மொன்றியலில் அலெக்ஸ் மாஸே தொடங்கிய 'பாராலைவ்ஸ்' 2019இல் அறிவிக்கப்பட்டது. அது "எங்கடை கனடாக் கேம்". கியூபெக்காரர் பிரிந்து போகக் கேட்ட கதையெல்லாம் இந்த இடத்தில் மன்னிக்கப்படும். 2025 டிசம்பர் 8 என்று நாள் குறித்தார்கள். நாள் நெருங்கியபோது 2026 மே 25 என்று தள்ளிவைத்தார்கள். "முடியாததை விக்கமாட்டம் எண்டு நிண்டாங்கள் பார், அவங்கள் மனிசர்" என்றார். அப்படியென்றால் இன்சோய்? "முடியாட்டிலும் பரவாயில்லை எண்டு துணிஞ்சு விட்டாங்கள் பார், அவங்களும் மனிசர்."

அவருடைய சோயை ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. மூக்கைச் செதுக்கவே ஒரு வார இறுதி போயிருந்தது. வீடோ, நாலு அறை, சாமியறை தனி, கறி மணம் உள்ளே வராமல் இருக்கப் பின்னால் இன்னொரு குசினி. இத்தனையையும் அண்ணை கட்டியது ஒரு பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு. ஆனால் சோய் அந்த வீட்டில் ஒரு நாளும் படுத்து எழும்பியதில்லை. குளிர்சாதனப் பெட்டி கூட வாங்கியாயிற்று, வேலை எடுக்கவில்லை, கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "முதல் செற்றில் ஆகட்டும் தம்பி." இருபது வருடமாகத் தன்னைப் பற்றியும் அவர் சொல்லிவருவது இதைத்தான்.

அவர் வேலைக்குப் போயிருந்த ஓர் இரவு அண்ணி அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். ரோட்மேப் தெரியாது, அப்டேட் தெரியாது. செதுக்கிய மூக்கோடு நின்ற அந்த ஆளை வேலைக்கு அனுப்பி, பூங்காவில் ஒரு பெட்டையைப் பார்த்துக் கதைக்கவைத்து, கலியாணமும் கட்டிக்கொடுத்து, சாமியறையைப் பிள்ளைக்கு அறையாக மாற்றிவிட்டார். விடிய வந்த அண்ணை சப்பாத்துக் கழற்றாமலே திரையைப் பார்த்தபடி நின்றார்.

"முடியாத கேமிலை ஆராவது கலியாணம் கட்டிவைப்பினமே? அடுத்த அப்டேட்டிலை சேவ் உடைஞ்சால் எல்லாம் அழிஞ்சு போமப்பா!"

"அழிஞ்சால் என்ன, வேறை ஒருத்தியைக் கட்டுறான்" என்றார் அண்ணி. "இண்டைக்கு நீலத் தொட்டி. லொறி வரமுதல் கொண்டுபோய் வையுங்கோ."