பல்லடம் வட்டார ஆபீஸ் ரூம்களில் காளையின் இருப்பிடம்: ஒரு சுவரியல் ஆய்வு

வீட்டோடு இருக்கும் அலுவலக அறையைத் தமக்குப் பிடித்தபடி அலங்கரிப்பது பற்றி உலகம் நிறையவே பேசிவிட்டது. பல்லடத்தை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. அக்குறை இத்துடன் நீங்குகிறது.

முதலில் எல்லை வகுப்போம். ஆய்வுக்களம், தறி குடோனை ஒட்டியோ வீட்டுத் திண்ணையை அடைத்தோ எழுப்பிய ‘ஆபீஸ் ரூம்’. கூலிக்கு நெய்யும் காடாத் துணிக்கும் பண்ணையில் வளரும் பிராய்லர் கோழிக்கும் இங்கே ஒரே மேஜையில்தான் கணக்கு. (கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்திலிருந்தே அறிவிக்கப்படுகிறது, எனவே மேஜையை இளப்பமாக எண்ண வேண்டாம்.) ஆய்வுப் பொருள், காங்கேயம் காளையின் படம். எம்.ஜி.ஆர்., இளையராஜா படங்களும் காணக்கிடைத்தன. அவை தமிழகம் முழுமைக்கும் பொது என்பதால் விலக்கப்பட்டன.

வாஸ்துப்படி முதலாளியின் நாற்காலி கன்னி மூலையில், வடக்கோ கிழக்கோ பார்த்தபடி இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் சாமி படங்கள், மாலை போட்ட தாத்தா படம், நூல் கடை கொடுத்த தினசரி காலண்டர். நூல் வியாபாரி எதிரில் உட்கார்ந்து, இந்த ஆளுக்குக் கடன் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது பார்ப்பது இந்தச் சுவரைத்தான். காளைக்கு அங்கே இடமில்லை. அது எதிர்ச் சுவரில், கதவுக்கு மேலே தொங்கும். வந்தவருக்கு எழுந்து போகும்போதுதான் கண்ணில் படும். ஆக, முதல் விதி: சாமி வந்தவருக்கு, மாடு தனக்கு.

இது கொங்குநாட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. 1938இல் வியன்னாவை விட்டு லண்டன் போன சிக்மண்ட் ஃபிராய்ட் 2000க்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் சேர்த்திருந்தார். அவற்றில் ஒரு கூட்டம் சிலைகள் மேஜைமேல் அவரைப் பார்த்தபடியே நின்றன. தறி ஓட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை. மற்றபடி அவரும் பல்லடத்துக்காரரே.

படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மயிலைக் காளை, திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறியது. குடோனிலிருந்து பறந்து வரும் பஞ்சு கண்ணாடி முழுக்கப் படிந்து வெளுத்திருக்கிறது. முகமும் திமிலும் உள்ள இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துத் தெளிவாக இருக்கிறது. சாமி படங்களை வெள்ளிக்கிழமை வீட்டம்மா துடைக்கிறார். இதைத் துடைப்பது யார் என்று கேட்டால் முதலாளி காலண்டரைப் பார்க்கிறார்.

“ஏனுங், நம்ம மாடுங்களா?”

“இருந்துச்சுங். வித்துப்போட்டனுங்.”

மேற்கொண்டு கேட்பது ஆய்வு நெறிக்கு அடாது.

பீரோவின் தலைமேல் ரேக்ளா எனும் மாட்டுவண்டிப் பந்தயத்தின் கேடயங்கள். 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்தில் நொடிக் கணக்கில் வென்றவை. கீழடிக்காரர்கள் மண்ணைத் தோண்டிப் பார்க்கும் அடுக்கு, இங்கே ஸ்டூல் போட்டு ஏறினாலே தெரிகிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. 2017இல் தமிழ்நாடு சட்டம் திருத்திய பிறகே பந்தயம் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கேடயம் இல்லை. அந்த இடத்தில் ஒரு டேபிள் ஃபேன் நிற்கிறது.

இனி முதல் விதிக்கு வந்த சோதனை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த மகன் லேப்டாப்போடு வீடு திரும்பினான். கேமராவுக்குத் தெரிவது முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர். அவன் காளையைக் கழற்றி அங்கே மாட்டினான். “சாமி இருந்த எடத்துல மாடா?” என்றார் அப்பா. “அமெரிக்காக்காரங்க கேக்கறாங்கப்பா” என்றான் மகன். கேட்கத்தான் கேட்கிறார்கள். கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதவாக்கில் நிறம் மாறும் என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் மீட்டிங் நேரம் தீர்ந்துவிடுகிறது. நிலுவை வேலை அடுத்த வாரத்துக்குப் போகிறது.

இவ்வாய்வாளர் அப்பா கட்சி. மகனின் காளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறது. நூல் வியாபாரிக்காக மாட்டிய சாமி படமும் அதுவும் ஒன்றே. தவிர, மகன் தன் காளையைப் பார்க்க வேண்டுமானால் திரையின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில்தான் தேட வேண்டும், அதுவும் தன் தலை மறைத்தது போக.

கள ஆய்வைத் தொடர விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பக்கத்தில் எங்காவது ரேக்ளா இருந்தால் ஆபீஸ் பூட்டியிருக்கும்.