செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல

கார் கிளம்பாமல் நிற்பதில் இரண்டு வகை உண்டு. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து அதோடு அடங்கிவிடுவது முதல் வகை. அதில் மானம் போகாது. ‘பேட்டரி இறங்கிருச்சு’ என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காரலாம், ஊர் நம்பும். இரண்டாவது வகைதான் கேவலம். ‘கிர்ர்ர் கிர்ர்ர்’ என்று இன்ஜின் சுற்றோ சுற்றென்று சுற்றும், ஆனால் பிடிக்காது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்து வந்துவிடும். வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும்.

எனக்கு வாய்த்தது இரண்டாவது. போன ஐப்பசியில் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொழுந்தியாள் பேத்திக்குக் காதுகுத்து. முந்தின நாளே போய் இறங்கினோம். ராத்திரி பூராவும் மழை. வருஷமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பூமி, அந்த ஒரு ராத்திரியில் மொத்தக் கடனையும் வாங்கிக்கொண்டது. என் காரும் வேப்பமரத்தடியில் நனைந்தபடி நின்றது. 1997-இல் வாங்கிய சிவப்புக் கார், மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்தது. என் மகன் அதைக் கார் என்று சொல்ல மாட்டான், ‘அப்பாவோட அடம்’ என்பான்.

காலையில் சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர். மறுபடியும் கிர்ர்ர். சோக்கை இழுத்துவிட்டுத் திருப்பினேன். கிர்ர்ர். சொல்லிக்கொண்டு கிளம்பினவன் கிளம்பாமல் இருப்பதைப் போலச் சங்கடம் வேறில்லை. வழியனுப்பக் கையைத் தூக்கினவர்கள் எவ்வளவு நேரம்தான் தூக்கிக்கொண்டே நிற்பார்கள்?

முதலில் வந்தது சகலை. “தள்ளுனா எடுத்துரும்ணே.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தள்ளுவது என்பது செல்ஃப் மோட்டார் செய்கிற வேலையை மனுசன் செய்வது. செல்ஃப் சுற்றாத வண்டிக்குத்தான் அது மருந்து. நன்றாகச் சுற்றுகிற வண்டியைத் தள்ளுவது, நடந்து போகிறவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வது மாதிரி. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டுப் பேர் பின்னால் வந்து நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்கிற தைரியம் யாருக்கு வரும்? தள்ளினார்கள். தெருவைத் தாண்டிப் புஞ்சை ஓரம் வரைக்கும் தள்ளினார்கள். கரிசல் மண்ணின் குணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது காய்ந்தால் கல், நனைந்தால் களி. கோடையில் கால் போகிற அளவு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், கையில் அகப்பட்டதையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் மூடும். டயரில் மண் அப்பி அப்பி என் சின்னக் கார் டிராக்டர் கணக்காக ஆனது. மனைவியை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துவிட்டு நானும் இறங்கித் தள்ளினேன். வலது காலைத் தூக்கினேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். பூமாதேவி கொடுக்கவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வழியே வாசலுக்குத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அடுத்து கொழுந்தியாளின் தாய்மாமன் வந்தார். அந்தக் காலத்தில் அம்பாசடர் ஓட்டினவர். “இதுக்கு ஹேண்டில் கிடையாதோ?” என்றார். முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றுகிற ஹேண்டில். அந்த ஹேண்டிலை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அவருடைய செல்ஃப் மோட்டார் 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்பே, பேட்டரியில் இருந்து தீப்பொறி எடுக்கிற காயில் ஏற்பாட்டையும் அவர்தான் செய்து கொடுத்திருந்தார். ஆக கெட்டரிங் கொடுத்தவை இரண்டு. ஒன்று சுற்றுவதற்கு, ஒன்று பற்றவைப்பதற்கு. என் காரில் முதலாவது ஓவர்டைம் பார்த்தது, இரண்டாவது லீவு போட்டிருந்தது.

தாய்மாமன் யோசிப்பதற்காக ஒரு பீடியை எடுத்தார். தீக்குச்சியை உரசினார். ஒரே உரசல், குப்பென்று பிடித்தது. அப்படியே பீடியோடு கார்புரேட்டர் மேல் குனிந்தார். நான் போட்ட சத்தத்தில் காது குத்தி அப்போதுதான் அழுகையை நிறுத்தியிருந்த குழந்தை மறுபடியும் ஆரம்பித்தது.

எனக்கு அங்கேதான் ஆற்றாமை பொத்துக்கொண்டு வந்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று இந்த வறண்ட சீமைதான் நாடு பூராவும் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி செய்து அனுப்புகிறது. விவசாயம் கைவிட்ட பூமியை வெயில் காப்பாற்றியது. குச்சி காய வெயில், மருந்து காய வெயில். பதினாலு வருஷமாக ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பரில்தான் ரெண்டு ரூபாய் ஆக்கினார்கள். ரெண்டு ரூபாய்ப் பெட்டியில் இருக்கிற நெருப்பு, மூன்று சிலிண்டரில் ஒன்றில்கூட இல்லாமல் போனதே!

அந்த நேரத்தில்தான் திண்ணையில் இருந்து ஒரு குரல் வந்தது. சகலையின் பெரியம்மா. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கின கை. வெற்றிலையை இடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“நமுத்துப்போச்சு யய்யா. காய விடுங்க.”

யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

மகனுக்குப் போன் போட்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. “அப்பா, சாவிய ஆன்ல மட்டும் போடுங்க. பின்சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்டு ‘ங்ங்’னு பம்பு சத்தம் கேக்குதா?” கேட்கவில்லை. “அப்போ பம்பு, இல்லேன்னா பம்போட ஃபியூஸு. மீட்டர்ல சாவிப் படம் போட்ட லைட்டு மினுக்குதா? மினுக்குனா சாவிய வண்டிக்கு அடையாளம் தெரியலன்னு அர்த்தம்.” புது வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம், நல்ல யோசனை. என் வண்டியில் பம்பு இன்ஜினோடு ஒட்டி, ஊமையாக வேலை செய்கிற ரகம். சாவிக்கும் வண்டிக்கும் அப்படியொரு உறவும் கிடையாது, வேறொரு சாவியைப் போட்டாலே திரும்பும். இதைச் சொன்னதும் அவன், “அப்போ எனக்குத் தெரியாதுப்பா, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிட்டான்.

பத்து மணிக்கு எட்டயபுரத்தில் இருந்து மெக்கானிக் பையன் வந்தான். பைக்கில் இருந்து இறங்கும்போதே, “இந்த மாடல எங்கப்பாதான் பாப்பாரு அண்ணாச்சி” என்றான். இருந்தாலும் பையன் கெட்டிக்காரன். ஊரே மூன்று மணி நேரம் பேசினதை அவன் பதினைந்து நிமிஷத்தில் கையால் பேசினான். கார்புரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றிச் சுற்றச் சொன்னான், பெட்ரோல் பீச்சியது. ‘டெலிவரி இருக்கு’ என்று டியூபைத் திரும்ப மாட்டி, தெறித்ததைத் துடைத்தான். பிளக்கைக் கழற்றினான், பெட்ரோலில் குளித்திருந்தது. “சோக்க இழுத்து இழுத்து அடிச்சிருக்கீங்க” என்று என்னைப் பார்த்தான். நான் சகலையைப் பார்த்தேன். பிளக்கைத் துடைத்து வயரில் மாட்டி, தெறித்த வாடை போகிற மட்டும் பொறுத்து, இன்ஜின் இரும்பில் படவைத்துச் சுற்றச் சொன்னான். நீலமாகப் பொறி தெறிக்க வேண்டும். ஒன்றுமில்லை. “கரண்ட் வரல.” அடுத்து காயிலில் இருந்து வருகிற தடித்த வயரை இரும்புப் பக்கத்தில் பிடித்தான். ‘டப், டப்’ என்று வெட்டியது.

“காயில்ல கரண்ட் இருக்கு. பிளக்குக்கு வரல. நடுவுல எவனோ திங்கிறான்.”

நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். காயில் பன்னிரண்டு வோல்ட்டை 20,000 வோல்ட் அளவுக்குப் பெருக்கி அனுப்புகிறதை, முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற மணியக்காரர். மூடியைக் கழற்றினான். உள்ளே மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி வியர்த்திருந்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தபோது மூடியில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. கரிசலில் விழுந்த வெடிப்பு மழையில் மூடிக்கொள்ளும். இந்த வெடிப்பு மழை பெய்தால்தான் வாயைத் திறக்கும். அதில் ஈரம் இறங்க, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அத்தனையும் அந்தக் குறுக்குப்பாதை வழியாக இறங்கி ஓடியிருக்கிறது.

“நமுத்துப்போச்சு அண்ணாச்சி” என்றான் பையன்.

திண்ணையில் இடிக்கிற சத்தம் ஒரு நொடி நின்றது. மறுபடியும் தொடர்ந்தது.

பிறகு அந்தப் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். “மழைன்னா எங்களுக்கு வேலை கிடையாது யய்யா. மருந்து காயாது. காயாம பெட்டியில போட்டா உரச உரச மருந்துதான் உதிரும், பத்தாது. நீ உரசுன மாதிரி” என்றாள். நான் உரசினதைக் காலை ஏழு மணியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூடியைக் காய்ந்த துணியால் துடைத்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் அனலில் காட்டினார்கள். வெடிப்பை அடைக்க என்ன செய்வது என்று பையன் யோசித்தபோது, கொழுந்தியாள் மகள் தன் நெயில் பாலிஷைக் கொண்டுவந்து கொடுத்தாள். கரண்ட் கசியாமல் இருக்கத் தற்காலிகமாக அது நல்ல மருந்துதான். ரோஸ் நிறத்தில் இரண்டு கோட் அடித்து, ஊதி ஊதிக் காயவைத்து, மாட்டினான். சாவியைத் திருப்பினேன். தாய்மாமன் தீக்குச்சி மாதிரி ஒரே உரசல்.

கோவில்பட்டிக்கு வந்து கடலை மிட்டாய் வாங்கினேன். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய், அதுவும் நமுத்தால் போச்சு என்று கடைக்காரர் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். புது மூடி வாங்கிப் போட்டுவிட்டேன். மழைக்காலத்தில் டேஷ்போர்டில் ஒரு பழைய பனியன் துணி வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி இன்னும் வைத்திருக்கிற மகராசன்கள் யாராவது இருந்தால், ஈரமான காலையில் செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லையென்றால், ஆள் சேர்த்துத் தள்ளுமுன் சாவியை எடுத்துவிட்டு அந்த மூடியைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

செருப்பு கிடைக்கவில்லை. அந்தப் புஞ்சையில் உளுந்து விதைத்துவிட்டதாகச் சகலை போனில் சொன்னார்.