பொடி போடாத பெரியவரு

வாரும் வே மருமவனே. மூஞ்சி ஏன் காஞ்ச கருவாடு மாதிரி கெடக்கு? பழைய சர்வர் பொட்டி வாங்கினீரு, டெபியன் 11 ஏத்தினீரு, பாதியில நெட்வொர்க் வரல. உடனே கார்டு செத்துட்டுன்னு நீரே தீர்மானம் பண்ணி, பழைய இரும்புக்காரன்ட்ட விலையும் கேட்டாச்சி. நாடி புடிச்சுப் பாக்காமலே பாடைக்கு மூங்கி வெட்டுத ஆளு வே நீரு.

ஃபர்ம்வேர் வேணும்னு இன்ஸ்டாலரு ஒரு வார்த்த கேட்டிருக்குமே, என்ன செஞ்சீரு? 'நோ' தட்டினேங்கீரு. பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இப்பிடித்தான் கேள்வி முடியும் முன்னாலயே தலையாட்டினீரு.

மொதல்ல அந்த இன்ஸ்டாலர்லயே ஆல்ட்டும் எஃப்2வும் சேத்து அமுக்கும். படம் காட்டுத இன்ஸ்டாலருன்னா கண்ட்ரோலும் கூட. கறுப்புத் திரை வரும், பயந்துராதேயும். எல்.எஸ்.பி.சி.ஐ.ன்னு தட்டி, கூட ஒரு கோடும் 'என்' எழுத்தும் போடும். பி.சி.ஐ. கார்டு மானஸ்தன், கேட்டா ஊரு நம்பரும் பேரு நம்பரும் சொல்லிருவான். 10இசின்னு ஆரம்பிச்சா ரியல்டெக். 14இ4ன்னா பிராட்காம். இன்டெல்காரன் தன் பழைய சிப்பு 8086ஐயே ஊரு நம்பரா வாங்கி வச்சிருக்கான், குசும்பு புடிச்சவன். ஒண்ணுமே வரலன்னா பயாஸ்ல பூட்டி வச்சிருக்கான்னு பாரும்.

எங்க காலத்து என்.இ.2000 ஐசா கார்டு இருக்கே, அது பேரே சொல்லாத ஊமைச்சாமி. எந்த போர்ட்டு, எந்த ஐ.ஆர்.க்யூன்னு நாமதான் டிரைவரு காதுல ஓதணும். 300ல ஜம்பர மாட்டிட்டு, 5ஆம் நம்பருக்கு சவுண்டு கார்டோட மல்லுக்கட்டின கதையச் சொன்னா விடிஞ்சிரும்.

உம்ம பொட்டியில 14இ4, 164சின்னு வருதா? பிராட்காம் 5708. ஆளு உசுரோடதான் இருக்காரு. ஆனா பொடி போடாம வாய் தொறக்காத பெரியவரு. அந்தப் பொடிதான் ஃபர்ம்வேரு. பொட்டிய எழுப்பும்போதெல்லாம் டிரைவரு அவரு மூக்குல கொஞ்சம் ஏத்தணும். டெபியன்காரங்க ஆசாரம் புடிச்சவங்க. சோர்ஸ் காட்டாத சரக்க எங்க பந்தியில வைக்க மாட்டோம்னு அதிகாரபூர்வ டிஸ்க்ல அதச் சேக்கல. 2022ல ஓட்டுப் போட்டு மனசு மாத்தி, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12ல இருந்து டிஸ்க்லயே வைக்காங்க. நீரு 11ஐப் புடிச்சிட்டுத் தொங்குதீரு.

அதுதான் வேணும்னா வேற கம்ப்யூட்டர்ல ஃபர்ம்வேர்-பிஎன்எக்ஸ்2ங்கிற பொட்டலத்த எறக்கி, ஃபேட் வடிவத்துல உள்ள பென் டிரைவ்ல போட்டு, சொருகும். திரும்ப ஆரம்பிச்சு, கேக்கும்போது இந்த வாட்டியாவது 'எஸ்' தட்டும்.

வேற கம்ப்யூட்டருக்கு எங்க போவேன்னு முழிக்காதேயும். ஃபைலு இன்டர்நெட்ல, இன்டர்நெட்டு கார்டுல, கார்டு ஃபைலுக்காகக் காத்துக் கெடக்கு, சரிதான். உம்ம சட்டைப்பையில மின்னுதே, அது என்ன வே? போனுதான? வயர மாட்டி யு.எஸ்.பி. டெதரிங் போடும். பெரும்பாலும் இன்ஸ்டாலரு அதையே ஒரு கார்டா எடுத்துக்கிடும்.

என்ன, எந்திரிச்சிட்டீரு? இரும்புக்காரன் சொன்ன விலைக்கு நானே எடுத்துக்கிடுதேன்னு நேத்தே சொல்லிட்டு வாயப் பொத்திருக்கணும். இந்தக் கெட்ட வாயி, பொடி போடாமலே பேசித் தொலையுது.