ரஃப் நோட்டுக் கடைசிப் பக்கச் சுவடிகள்: ஒரு பாட ஆராய்ச்சி

வீடியோ கேம் பற்றிய எழுத்து இன்டர்நெட் வந்த பிறகு தோன்றியது என்போர், ரஃப் நோட்டைப் பின்பக்கமிருந்து புரட்டிப் பார்க்காதவர்கள். முன்பக்கம் கணக்கு வாத்தியாருக்கு. கடைசிப் பக்கம் வீடியோ கேம் சீட் கோடுகளுக்கு, அதாவது வருங்காலத்துக்கு. எனது பல்லாண்டு எழுத்துப் பணி முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் நடந்தது என்பதால் இத்துறையில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வேறு யாரும் முன்வராததும் ஒரு தகுதியே.

இம்மரபின் பழைய கிளை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. 1986-இல் அங்கே வந்த 'டிராகன் குவெஸ்ட்' கேசட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஆட்டத்தை நிறுத்துமுன் அரசனிடம் போனால் 20 எழுத்து மந்திரம் ஒன்று சொல்வார். எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அப்படியே அடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்துப் பிசகினால் ஆடியதெல்லாம் அம்போ. ஓலையில் ஏடு பெயர்த்தவர்கள்கூட இத்தனை நடுக்கத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். 1988-இல் வந்த மூன்றாம் பாகம் கேசட்டுக்குள் பேட்டரியை வைத்து அந்த எழுத்தர் குலத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

அடுத்து, கொனாமி சூத்திரம்: மேலே மேலே கீழே கீழே இடம் வலம் இடம் வலம் பி ஏ. கொனாமி நிறுவனத்தின் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதிக்கும்போது தன்னாலேயே ஆட முடியவில்லை என்று இதைச் செருகி வைத்தார். பிறகு 'காண்ட்ரா'வில் இதை அடித்தவர்களுக்கு 30 உயிர் கிடைத்தது. இத்தனை சிறிய சூத்திரத்துக்கு இத்தனை பெரிய பலனை எந்த இலக்கண நூலும் தரவில்லை.

நம் ஊரில் பொற்காலம் 'வைஸ் சிட்டி' ஆட்டத்தோடு பிறந்தது. 2003-இல் அது கம்ப்யூட்டருக்கு வந்ததும் பிரவுசிங் சென்டர்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களாயின. 'பான்சர்' என்று அடித்தால் பீரங்கி வண்டி வந்து இறங்கும். 'லீவ் மீ அலோன்' என்றால் துரத்தும் போலீஸ் விட்டுவிடும். இவற்றில் பாடபேதம் குறைவு. சிக்கல் 'ஆஸ்பிரின்' விஷயத்தில்தான். உயிரேற்றும் இந்தக் கோடின் இறுதியில் ஓர் 'ஈ' உண்டு. மருந்துக்கடை அட்டையில் அது கிடையாது. ஆகவே ஸ்பெல்லிங் தெரிந்த முதல் பெஞ்ச் மாணவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். கண்டதைக் கண்டபடி காப்பியடித்த கடைசி பெஞ்ச் பிழைத்தது. பதிப்பாசிரியர்கள் மூலபாடத்தில் கைவைக்க ஏன் அஞ்சுகிறார்கள் என்பது இங்கே விளங்கும்.

இனி இடைச்செருகல். கதாநாயகன் டாமியை நீந்த வைக்கும் கோடு ஒன்று உண்டு என்று சில பிரதிகள் சாதிக்கின்றன. டாமிக்கு நீச்சல் தெரியாது. ஆழத்தில் விழுந்தால் ஆள் காலி. என் ஆய்வில் இதன் மூலம் 'சீவேஸ்' என்னும் கோடு. அதை அடித்தால் கார் தண்ணீர்மேல் ஓடும். ஒரு பெஞ்சிலிருந்து மறு பெஞ்சுக்குப் போவதற்குள் உரையிலிருந்து கார் கழன்றுவிட்டது. டாமி மட்டும் தண்ணீரில் நிற்கிறார். எனவே நீச்சல் பாடத்தைத் தள்ளுபடி செய்கிறேன்.

பரணில் அக்கால நோட்டு வைத்திருப்போர் எடைக்குப் போடுமுன் கடைசிப் பக்கத்தையாவது கிழித்து வைத்துக்கொள்ளவும். நீச்சல் கோடு எவரிடமேனும் மெய்யாகவே இருந்தால் தெரிவியுங்கள். என் முடிவை அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டு ஆட உட்கார்ந்துவிடுவேன்.